இதயம் தசையா? ஒரு வினாவின் வரலாறு

சாண், முழம், பாகம் என்று தன் உடலையே அளவுகோலாக்கி உலகை அளந்தவன் மனிதன். அந்த உடலை அளந்தறிய அவனுக்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. கை அசைகிறது, அதனை அசைப்பது எது? இரைப்பை உணவைப் பிசைகிறது, பிசைவது எது? உறங்கும் போதும் இதயம் துடிக்கிறது. துடிக்கச் செய்வது எது? இம்மூன்று வினாக்களுக்கும் ‘தசை’ என்னும் ஒரே விடையை இன்று பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். ஆனால், மூன்றாவது வினாவுக்கு அந்த விடையைச் சொல்ல மருத்துவ உலகம் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் தயங்கி நின்றது. அத்தயக்கத்தின் வரலாற்றில் கிரேக்கர்க்கும் அரபியர்க்கும் ஐரோப்பியர்க்கும் பங்குண்டு. நம் சோழமண்டலக் கரையும் அவ்வரலாற்றின் ஓரத்தில் நிற்கிறது. அதனை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

மூவகைத் தசைகள்

நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களுள் உயர்ந்தது பெரிய மினாரா. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் எழுப்பிய அதன் உயரம் 131 அடி. கந்தூரிக் காலத்தில் கொடியேற்றுவதற்காக அதன் படிகளில் ஏறும் ஓர் ஊழியரை எண்ணிப் பார்ப்போம். அவருடைய தொடையும் கெண்டைக்காலும் அவர் விரும்பியபடி இயங்குகின்றன; நிற்க நினைத்தால் நின்றுவிடுகின்றன. அதே நேரத்தில் இதயம் விரைந்து துடிக்கிறது. அதனை நிறுத்தவோ ஓட்டவோ அவரால் ஆகாது. காலையில் உண்ட உணவை அவர் குடல் மெல்ல நகர்த்திக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு வேலை உள்ளே நடப்பதை அவர் அறிவதுகூட இல்லை. ஒரே உடலில், ஒரே நேரத்தில், மூவகைத் தசைகள் மூவகையாகப் பணிபுரிகின்றன.

முதலாவது எலும்பைப் பற்றி நிற்கும் தசை. நம் விருப்பத்திற்குக் கட்டுப்படுவதால் ‘இயக்கு தசை’ என்றும், நுண்ணோக்கியில் குறுக்குக் கோடுகள் தெரிவதால் ‘வரித்தசை’ என்றும் நூலோர் வழங்குவர். உடலில் இவ்வகைத் தசைகள் 600க்கும் மேற்பட்டவை. வளர்ந்த ஆணின் எடையில் ஐந்தில் இரண்டு பங்களவு இவையே. இதன் நார் ஒவ்வொன்றும் நீண்ட உருளை வடிவானது. ஒரு நாருக்குள்ளேயே பல உட்கருக்கள் விளிம்பை ஒட்டிக் கிடக்கும். நார்கள் கற்றையாகி, கற்றைகள் மெல்லிய உறையால் கட்டப்பட்டு, இறுதியில் உறுதியான நாண்களாகி எலும்பில் பொருந்துகின்றன. குதிகாலுக்கு மேலே விரலால் தொட்டுணரும் தடித்த நாண் இதற்குச் சான்று.

இரண்டாவது ‘மென்தசை’. குடல், இரைப்பை, கருப்பை, சிறுநீர்ப்பை, இரத்தக் குழாய்களின் சுவர், கண்ணின் பாவை ஆகியவற்றில் அமைந்தது. இதன் அணுக்கள் நூல் சுற்றிய கதிரைப்போல நடுவில் பருத்து இரு முனையும் கூர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் உட்கருவே உண்டு. குறுக்குக் கோடுகள் இல்லை. நம் விருப்பத்தை எதிர்பாராமல் தானே நடப்பதால் ‘இயங்கு தசை’ என்றும் இதனைச் சொல்வர். மெதுவாகச் சுருங்கும், ஆயினும் நெடுநேரம் தளராது நிற்கும்.

மூன்றாவது இதயத்தசை. முதல் வகையைப்போல் கோடுகள் உடையது. ஆயின் இரண்டாம் வகையைப்போல் நம் விருப்பத்திற்குக் கட்டுப்படாதது. அதன் அணுக்கள் கிளைவிட்டு, ஒன்றோடொன்று முனைகோத்து, வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. தோற்றம் ஒன்றாகவும் குணம் வேறாகவும் அமைந்த இந்த மூன்றாம் வகைதான் அறிஞர் உலகத்தை நெடுங்காலம் மயங்க வைத்தது.

பழையோர் கண்ட கணக்கு

தசைகளை எண்ணிப் பார்க்கும் முயற்சி நம் நாட்டுக்குப் புதியதன்று. சுசுருதரின் வடமொழி நூல், தசைகளைப் ‘பேசி’ என்று பெயரிட்டு 500 என்று கணக்கிட்டது. அவற்றுள் 400 கைகால்களில் உள்ளவை, 66 நடுவுடலில் உள்ளவை, 34 கழுத்துக்கு மேல் உள்ளவை. பெண்டிர்க்கு 20 மிகுதி. தமிழ்ச் சித்த மருத்துவர், உடலைத் தாங்கும் ஏழு தாதுக்களில் சாரம், செந்நீர் ஆகியவற்றை அடுத்து ‘ஊன்’ என்று வைத்தது இதனையே. யவனர் தசைக்குச் சுண்டெலியின் பெயரை இட்டனர். புயத்தை மடக்கும்போது தோலின் கீழே எலியொன்று ஓடுவதுபோலத் தோன்றியது போலும்! இலத்தீன் மொழியினரும் ‘சிற்றெலி’ என்னும் பொருள்படவே பெயரிட்டனர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இன்றும் அப்பெயரே வழங்குகிறது.

எனினும், பெயரிடுவதும் எண்ணுவதும் கடந்து, தசை எவ்வாறு இயங்குகிறது என்று அறுத்துப் பார்த்து எழுதியவர் ஜாலீனூஸ் என்று நம் ஹகீம்கள் அழைக்கும் காலென். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமம் நகரில் பிறந்து, உரோமாபுரியில் வாழ்ந்தவர். தொடக்கக் காலத்தில் களரியில் போரிடும் வீரர்களின் காயங்களுக்கு மருத்துவம் செய்தவராதலால், வெட்டுண்ட தசையைக் கண்ணாரக் கண்டவர். மனித உடலை அறுக்க அன்று வழியின்மையால் குரங்கையும் பன்றியையும் அறுத்து ஆராய்ந்தார். தசைகளின் இயக்கம் பற்றித் தனி நூலே யாத்தார். குரல்வளைத் தசைகளுக்குச் செல்லும் நரம்பைக் கட்டினால், கத்திக்கொண்டிருக்கும் பன்றி சட்டென ஊமையாகிவிடுவதைப் பலர் முன்னிலையில் காட்டினார்.

இத்துணைத் திறமிக்க அவர்தாம் ‘இதயம் தசையன்று’ என்றும் எழுதிவைத்தார். அவர் சொன்ன காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. தசை நம் விருப்பத்தால் இயங்குவது. இதயமோ தானே இயங்குவது. தசையின் நார்கள் ஒரு திசையில் ஓடுபவை. இதயத்தின் நார்களோ பல திசைகளில் ஓடுபவை. இதயத்தின் ஊன் கடினமானது. வேகவைத்து உண்டு பார்த்தால் சுவையும் வேறு என்றுகூட அவர் வாதிட்டார். அவருக்கு முன்பே புக்ராத்தின் பெயரால் வழங்கிய நூலொன்று, இதயம் மிக வலிய தசை என்று கூறியிருந்தது. ஆயினும் ஜாலீனூஸின் சொல்லே நின்றது. கண்ணால் கண்டவற்றை அவர் பிழையின்றி எழுதினார். ‘விருப்பத்தால் இயங்குவதே தசை’ என்று தாமே வகுத்துக்கொண்ட வரையறை அவரைப் பிழையான முடிவுக்கு இட்டுச் சென்றது.

அரபு மொழி காத்த ஏடுகள்

ஜாலீனூஸின் நூல்கள் ஐரோப்பாவில் மங்கிய நாளில், பக்தாத் நகரம் அவற்றைத் தேடிச் சேர்த்தது. அப்பணியின் தலைவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். நெஸ்டோரியக் கிறிஸ்தவரான இவர் அப்பாஸியக் கலீபாக்களின் ஆதரவில் வாழ்ந்து 873இல் மறைந்தார். ஜாலீனூஸின் 129 நூல்களைப் பட்டியலிட்டு, எவை எவை யாரால் மொழிபெயர்க்கப்பட்டன என்று எழுதி வைத்தார். ஒரு நூலுக்குப் பல கிரேக்கப் படிகளைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கித் திருத்திய பின்னரே மொழிபெயர்ப்பது அவரது வழக்கம். சொல்லுக்குச் சொல் வைக்காமல் கருத்தை வாங்கி நல்ல அரபியில் தந்தார்.

இப்பணியின் பயன் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். உடலை அறுத்து ஆராயும் முறை குறித்து ஜாலீனூஸ் 15 பாகங்கள் எழுதினார். அவற்றுள் முதல் எட்டுப் பாகங்களும் ஒன்பதாம் பாகத்தின் முற்பகுதியுமே கிரேக்கத்தில் எஞ்சின. எஞ்சிய பாகங்கள் முழுவதும் அரபு மொழிபெயர்ப்பில் மட்டுமே நமக்குக் கிடைத்துள்ளன. அவ்வாறு தப்பியவற்றுள் பதினோராம் பாகம் குரல்வளையைப் பற்றியது.

நாகூர் என்றதும் ‘இசைமுரசு’ ஈ. எம். ஹனீபாவின் குரல் நினைவுக்கு வராத தமிழர் அரியர். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அப்பெரியாரின் எடுப்பான குரல், குரல்வளைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு தசைகளின் இறுக்கத்தாலும் தளர்வாலும் எழுந்தது. குரல் நாண்களை இழுத்துப் பிடிப்பவை சில, தளர்த்துபவை சில, திறப்பவை, மூடுபவை வேறு. அத்தசைகளைப் பற்றிப் பண்டைய உலகம் அறிந்தவற்றுள் ஒரு பெரும்பகுதி, அரபு எழுத்தில் எழுதப்பட்டிராவிடில் அழிந்தே போயிருக்கும். இது நம் பெருமைக்காகச் சொல்லும் சொல் அன்று. ஏடுகள் காட்டும் உண்மை.

பின்னர் வந்த பேரறிஞர் இப்னு ஸீனா (980–1037), தம் ‘அல்-கானூன் ஃபித் திப்’ நூலின் முதற்பாகத்தில் எலும்புகளுக்கு 30 அதிகாரங்களும், அடுத்துத் தசைகளுக்கு 30 அதிகாரங்களும் வகுத்தார். தசையை அரபு மொழி ‘அளல்’ என்கிறது. நரம்பின் இழைகளும் கட்டுநார்களும் பின்னிப் பிரிந்து, இடைவெளிகளில் ஊன் நிரம்பி, மேலே ஒரு சவ்வு போர்த்தியதே அளல் என்று அவர் விளக்கினார். நெற்றியில் தொடங்கி, கண், தாடை, நாக்கு, கழுத்து, மார்பு, கை என்று கால்விரல் வரை ஒழுங்காக இறங்கிச் சென்றார். மாணவன் மனத்தில் பதியுமாறு அமைந்த அவ்வொழுங்கு, பல நூற்றாண்டுகள் கிழக்கிலும் மேற்கிலும் பாடமாயிற்று.

ஆனால், இதயத்தைப் பற்றிய இடத்தில் இப்னு ஸீனாவும் ஜாலீனூஸின் வழியே சென்றார். இதனை மறைத்துப் பேசுவது அப்பெருமகனுக்குச் செய்யும் சிறப்பாகாது.

கண்ணே சான்று

முன்னோர் சொல்லை ஏற்றுக்கொண்டவர்கள் மட்டுமே நம்மிடையே இருந்தனர் என்பதற்கில்லை. பக்தாதில் பிறந்த அப்துல் லத்தீஃப் (1162–1231), எகிப்தில் கொடும் பஞ்சம் நேர்ந்த காலத்தில் அங்கிருந்தார். பஞ்சத்தில் மாண்டவர்களின் எலும்புகள் குவிந்து கிடந்த இடத்துக்குச் சென்று பார்த்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் இணைந்தது என்று ஜாலீனூஸ் எழுதியிருந்தார். இவரோ இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைத் தாமும் பிறரும் பார்த்ததாகவும், எதிலும் கீழ்த்தாடை ஒரே எலும்பாகவே இருந்ததாகவும் எழுதினார். ஜாலீனூஸ் எவ்வளவு பெரியவராயினும், அவர் சொல்லைவிடக் கண்கண்ட சான்று வலியது என்பது அவர் கருத்து.

அவருக்குப் பின் டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் மருத்துவராய் விளங்கியவர் இப்னுன் நஃபீஸ் (மறைவு 1288). கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு அவர் எழுதிய உரை 1242ஆம் ஆண்டளவில் தோன்றியது. இதயத்தின் இடைச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உள்ளன என்பதை மறுத்து, இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேருகிறது என்று அவர் எழுதியதை அறிஞர் பலர் எடுத்துக்காட்டுவர். அவர் சொன்ன வேறொரு கருத்து அத்துணைப் புகழ்பெறவில்லை. இதயத்தின் ஊன், தன் வலப்பக்க அறையில் நிற்கும் இரத்தத்திலிருந்து உணவு பெறுகிறது என்று இப்னு ஸீனா எழுதியிருந்தார். இப்னுன் நஃபீஸ் அதனை மறுத்து, இதயத்தின் உடலுக்குள் ஊடுருவிச் செல்லும் குழாய்களே அதற்கு உணவளிக்கின்றன என்றார். இன்று மாரடைப்பு என்று நாம் அஞ்சும் நோயின் அடிப்படை இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. அக்குழாய் அடைபட்டால், அது ஊட்டிய தசை மடிகிறது.

ஆயினும் அந்த உரை வழிவழியாக வளரவில்லை. 1924இல் எகிப்திய மருத்துவ மாணவர் முஹ்யித்தீன் அத்-தத்தாவி பெர்லின் நூலகத்தில் அதன் படியைக் கண்டெடுத்த பின்னரே, இப்னுன் நஃபீஸின் கண்டுபிடிப்பை உலகம் மீண்டும் அறிந்தது. ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் அது ஏட்டில் உறங்கியது. 1386ஆம் ஆண்டளவில் ஷீராஸில் மன்ஸூர் இப்னு இல்யாஸ் பாரசீக மொழியில் எழுதிய உடற்கூற்று நூல், எலும்பு, நரம்பு, தசை, இரத்தக்குழாய் ஆகியவற்றை முழு மனித உருவில் வண்ணப் படங்களாகத் தீட்டிக் காட்டியது. அதன் பின்னர் எழுந்தவர்கள் அந்நூல்களுக்கு உரையும் உரைக்கு உரையும் எழுதினர். அறுத்துப் பார்த்து ஆராய்ந்தவர் அரியர்.

ஐரோப்பியரோ அரபியரிடமிருந்தே பாடங்கேட்டனர். உடற்கூற்றியலின் தந்தை என்று போற்றப்பெறும் வெசாலியஸ் தொடக்கத்தில் வெளியிட்ட நூல், அர்-ராஸியின் ஒன்பதாம் பாகத்திற்கு 1537இல் எழுதிய விளக்கமே. ஆறாண்டுகளுக்குப் பின், 1543இல், அவர் மனித உடலையே அறுத்துப் பார்த்து எழுதிய பெருநூலில், தோலுரித்த மனிதர்கள் தசைகள் தெரிய நிற்கும் படங்கள் வெளியாயின. முன்னோரைப் படித்து, பின் முன்னோரைச் சோதித்த அந்த ஆறாண்டுகளில்தான் அறிவின் தலைமை கைமாறியது.

நம் கரையில் பறந்த கொடிகள்

இனி, நம் கரைக்கு வருவோம். நாகூருக்கு வடக்கே, காரைக்காலைத் தாண்டி உள்ள தரங்கம்பாடியில், தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் 1620இல் டென்மார்க் நாட்டவர் குடியேறினர். அங்கே அவர்கள் 1845 வரை இருந்தனர். நாகூருக்குத் தெற்கே அடுத்துள்ள நாகப்பட்டினத்தை 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1781 வரை அவர்கள் வசம் அது இருந்தது. மரக்காயர்களின் கப்பல்கள் நங்கூரமிட்ட நாகூர், இவ்விரு கொடிகளுக்கும் இடையில் கிடந்தது. துணிக்கும் அரிசிக்கும் மிளகுக்கும் விலை பேசிய அந்த ஆண்டுகளிலேயே, அக்கொடிகளுக்கு உரிய நாடுகளில் தசையைப் பற்றிய பழைய கருத்து தகர்ந்துகொண்டிருந்தது.

கோபன்ஹேகன் நகரில் 1638இல் பிறந்த நீல்ஸ் ஸ்டென்சன், ஒல்லாந்தின் லைடன் நகரில் பயின்றபோது இதயத்தை அறுத்து அதன் நார்களைப் பிரித்தார். காலின் தசையோடு ஒப்பிட்டார். நார், நாண், நரம்பு, இரத்தக்குழாய் எல்லாம் ஒத்திருக்கக் கண்டார். இதயத்தில் உள்ளது எல்லாம் தசையிலும் உண்டு. தசையில் உள்ளது எல்லாம் இதயத்திலும் உண்டு. எனவே இதயம் தசையேயன்றி வேறன்று என்று முடிவு செய்தார். 1664இல் தம் நாட்டில் நூலாகவும் வெளியிட்டார். உயிரின் வெப்பத்துக்கும் ஆன்மாவுக்கும் இருப்பிடம் என்று போற்றப்பட்ட உறுப்பை வெறும் தசை என்று சொல்ல அன்று துணிவு வேண்டியிருந்தது. சமயப் பற்றில் குறைந்தவர் அல்லர் அவர்; பிற்காலத்தில் துறவு பூண்டு ஆயராகவே ஆனவர். உறுப்பின் அமைப்பை உள்ளவாறு சொல்வதால் படைத்தவனின் பெருமை குறைவதில்லை என்பதை உணர்ந்திருந்தார்.

அவருடைய நண்பர், ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த யான் ஸ்வாம்மர்டாம், வேறொரு பழங்கருத்தைச் சோதித்தார். மூளையிலிருந்து நரம்பு வழியே ஒருவகை ஆவி பாய்ந்து தசையை ஊதவைப்பதால்தான் அது சுருங்குகிறது என்பது ஜாலீனூஸின் காலந்தொட்டு வந்த நம்பிக்கை. ஸ்வாம்மர்டாம் தவளையின் தசையை ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து, குழாயின் நுண்ணிய முனையில் ஒரு துளி நீரை நிறுத்தினார். நரம்பைத் தீண்டியபோது தசை சுருங்கியது. துளி மேலே ஏறவில்லை. ஏதேனும் உள்ளே பாய்ந்து ஊதியிருந்தால் துளி உயர்ந்திருக்கவேண்டும். தசை பருக்கவில்லை, வடிவம் மட்டுமே மாறியது. ஒரு துளி நீர் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக் கருத்தைச் சாய்த்தது.

அதே நாட்டில் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லேவன்ஹூக், தாமே தேய்த்த கண்ணாடி வில்லைகளால் 1680களில் தசைநாரில் குறுக்குக் கோடுகளைக் கண்டார். துணியின் இழையை ஆராய்ந்து பழகிய கண் அது. நம் கரையின் துணிகளை ஏற்றிச் சென்ற ஒல்லாந்துக் கம்பெனியின் கிளை அலுவலகம் ஒன்று அவர் ஊரிலும் இருந்தது. துணி இங்கிருந்து அங்கே போயிற்று. அறிவோ அங்கிருந்து இங்கே வரவில்லை. வணிகர் கேட்டது வேறு, விற்றது வேறு. நாமும் கேட்கவில்லை.

வகைகள் தெளிந்த கதை

இதயம் தசை என்று ஏற்றபின் ஒரு புதிய இடர்ப்பாடு எழுந்தது. அது தசையானால், நம் விருப்பத்திற்கு ஏன் கட்டுப்படவில்லை? 1752இல் ஆல்பிரெக்ட் ஹாலர், சுருங்கும் ஆற்றல் தசைக்கே உரியது, நரம்பு அதனைத் தூண்டுவது மட்டுமே என்று சோதனைகளால் காட்டினார். உடலிலிருந்து பிரித்தெடுத்த இதயம் சிறிது நேரம் துடிப்பதன் காரணம் இதனால் விளங்கிற்று. 1791இல் கால்வானி, தவளைக் காலின் வழியே மின்னாற்றலுக்கும் தசைக்கும் உள்ள உறவை வெளியிட்டார். 1840இல் இலண்டனில் வில்லியம் போமன், வரித்தசை நாரின் நுண்ணமைப்பைத் துல்லியமாக வரைந்தார். 1847இல் கோலிக்கர், குடல் முதலியவற்றின் தசை தனித்தனிக் கதிர் வடிவ அணுக்களால் ஆனது என்று நிறுவினார். இவ்வாறு, ‘விருப்பத்தால் இயங்குவதே தசை’ என்னும் பழைய வரையறை வீழ்ந்து, ‘சுருங்கும் திசுவே தசை, அதில் வகை மூன்று’ என்னும் புதிய வரையறை எழுந்தது. ஜாலீனூஸ் கண்ட வேறுபாடுகள் பொய்யல்ல; அவை தசைக்கும் தசையல்லாததற்கும் உள்ள வேறுபாடுகள் அல்ல, ஒரு தசைக்கும் மற்றொரு தசைக்கும் உள்ளவை என்பதே உண்மை.

தசை எவ்வாறு சுருங்குகிறது என்பதற்கு 1954இல் விடை கிடைத்தது. ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, நீடர்கெர்கே இருவரும் ஒரு கட்டுரையும், ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் இருவரும் ஒரு கட்டுரையும் ஒரே இதழில் வெளியிட்டனர். நாருக்குள் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் அடுக்கடுக்காக உள்ளன. தடித்தவை மயோசின் என்னும் புரதம். மெல்லியவை ஆக்டின் என்னும் புரதம். இரு கைகளின் விரல்களையும் எதிரெதிரே வைத்துக் கோத்து உள்ளே தள்ளிப் பாருங்கள். விரல்கள் குறுகுவதில்லை, கைகள் நெருங்குகின்றன. அவ்வாறே இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி நுழைவதால் தசை குறுகுகிறது. லேவன்ஹூக் கண்ட கோடுகள் இந்த இழையடுக்குகளின் ஒழுங்கே. இச்சறுக்கலைத் தொடங்கி வைப்பது கால்சியம் என்று ஜப்பானிய அறிஞர் எபாஷி பின்னர் விளக்கினார். மென்தசையிலும் இதே இழைகள் உண்டு. வரிசையாக அடுக்கப்படாமல் பரந்து கிடப்பதால் அங்கே கோடுகள் தெரிவதில்லை.

இதயத்தசையோ தனிச் சிறப்புடையது. அணுக்களின் முனைகள் சந்திக்கும் தட்டுகள் வழியே தூண்டுதல் ஓர் அணுவிலிருந்து மற்றோர் அணுவுக்குத் தடையின்றிப் பாய்வதால், பல கோடி அணுக்கள் ஒரே உடல்போலச் சுருங்குகின்றன. அத்தூண்டுதலும் இதயத்தின் மேற்பகுதியில் உள்ள ஒரு சிறு தசைமுடிச்சிலேயே பிறக்கிறது. கீத், ஃபிளாக் என்னும் இருவர் 1907இல் அதனைக் கண்டறிந்தனர். நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்று கொண்டால், ஒரு நாளில் ஓர் இலட்சம் முறை சுருங்கி விரிகிறது. தளர்ந்த கால் ஓய்வு கேட்கும். இதயம் இரு துடிப்புகளுக்கு இடையே கிடைக்கும் நொடியின் பகுதியிலேயே ஓய்வு கொள்கிறது. ஆனால் இறந்துபட்ட இதயத்தசை பெரிதும் மீண்டும் வளர்வதில்லை. அவ்விடத்தில் தழும்பே மிஞ்சும். எனவேதான் மார்பில் இறுக்கமான வலி எழுந்தால் ‘வாயு’ என்று கஷாயம் காய்ச்சிக் காலம் போக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இதயம் ஒரு தசை, அதற்குத் தனிக் குழாய் உண்டு என்ற அறிவு நூலில் மட்டும் இருக்கும்போது உயிர் போகிறது. வீட்டாரின் பேச்சில் இருக்கும்போது உயிர் தப்புகிறது.

தஞ்சையும் மானிப்பாயும்

இவ்வறிவு நம் மொழிக்கு எப்போது வந்தது? தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தரங்கம்பாடி சமயத் தொண்டரான சுவார்ட்ஸின் மாணவர். ஐரோப்பிய மருத்துவ நூல்களைத் திரட்டினார். தன்வந்திரி மகாலை அமைத்து நாட்டு மருத்துவத்தை ஆராயச் செய்தார். கண் நோயாளரைப் பற்றிய வரைபடங்களுடன் கூடிய அவர்காலக் குறிப்பேடுகளும், மனித முகத்தை விலங்கு முகத்தோடு ஒப்பிடும் பிரெஞ்சு ஓவியர் லெ பிரனின் படங்களும் சரஸ்வதி மகாலில் உள்ளன. அவ்வறிவு போற்றத்தக்கதே, எனினும், அரண்மனையின் மதிலைத் தாண்டி ஊர்ப்பள்ளிக்கு அது வரவில்லை.

ஊர் மாணவனிடம் அதனைத் தமிழில் கொண்டுசேர்த்தவர் கடலுக்கு அப்பால் இருந்தார். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், தமிழ் மாணவன் தமிழிலேயே மருத்துவம் கற்கவேண்டும் என்று தெளிந்து, 1860களில் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். கிரே எழுதிய உடற்கூற்று நூல் இலண்டனில் வெளியானது 1858இல். அது ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரில் தமிழில் வெளியானது 1872இல். இடையே 14 ஆண்டுகளே! எலும்பு, மூட்டு, தசை என்று செல்லும் முழு உடற்கூறும் தமிழெழுத்தில் வந்தது. 1883இல் ‘மனுஷ சுகரணம்’ என்று உடல் இயங்கும் முறையைக் கூறும் நூலும் வந்தது. தம் மாணவர்களோடு அமர்ந்து, கலைச்சொல் அகராதிகளைத் தொகுத்து, சித்த மருத்துவத்திலும் வடமொழியிலும் இருந்த சொற்களைப் பயன்படுத்தி அவர் செய்த பணி, பக்தாதில் ஹுனைன் செய்த பணியின் மறுபிறப்பே. அவரும் வேற்றுச் சமயத்தவர். இவரும் நமக்கு வேற்று நாட்டவர். அறிவுக்கு அயல் என்பது இல்லை.

கிரீன் 1873இல் தாயகம் திரும்பி, 1884இல் மறைந்தார். அரசுப் பணிக்கும் ஊதியத்திற்கும் ஆங்கிலமே வழி என்றானபின், அப்பள்ளியின் தமிழ்ப் பாடம் தழைக்கவில்லை. இன்று பள்ளிப் பாடநூல்கள் தசையின் மூவகையையும் நல்ல தமிழில் கற்பிக்கின்றன. மருத்துவப் பட்டப்படிப்போ ஆங்கிலத்தில் நடக்கிறது. மருத்துவரின் மொழி ஒன்று, நோயாளியின் மொழி வேறு என்னும் நிலை நீடிக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணியர் கப்பல் புறப்பட்டபோது, சில மணி நேரத்தில் கடக்கும் கடல்தானா இது என்று பலர் வியந்தனர். அச்சிறு கடலைக் கடந்து அங்காதிபாதம் இக்கரையில் வேர்கொள்ளவில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அரபு மொழியைத் தமிழோடு இணைத்து அரபுத் தமிழ் கண்ட சமுதாயம் நம்முடையது. அரபு கற்ற ஆலிம்களும் தமிழ் கற்ற புலவர்களும் நாகூரிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நிறைந்திருந்தனர். மார்க்கத்தையும் காப்பியத்தையும் தமிழில் தந்த அந்தக் கைகளுக்குக் கானூனின் அளல் அதிகாரங்களைத் தருவது அரிய செயலாய் இருந்திராது. ஆயினும் தசையையும் இதயத்தையும் தமிழில் கற்பிக்கும் பாடமொன்று நம் பள்ளிகளில் நிலைபெறவில்லை.

மேடைகளில் நாம் இப்னு ஸீனாவின் பெயரைச் சொல்லிப் பெருமிதம் கொள்கின்றோம். தவறில்லை. ஆனால் ஜாலீனூஸ் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டே இதயத்தை அறுத்துப் பாராதிருந்த நூற்றாண்டுகளையும் வரலாறு கண்டது. இப்னு ஸீனா படித்ததைத் தம் மொழியில் ஒழுங்குபடுத்தினார்; இப்னுன் நஃபீஸ் இப்னு ஸீனாவையே திருத்தினார்; அப்துல் லத்தீஃப் எலும்புக் குவியலின் நடுவே நின்று கண்ணை நம்பினார். முன்னோரின் பெயரைக் காப்பதைவிட அவர்கள் செய்த வேலையைத் தொடர்வதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. நம் பிள்ளைகளில் ஒருவர் மருத்துவம் கற்று வந்தால், ஊரார் கூடிய இடத்தில், இதயத்தசையைப் பற்றியும் மாரடைப்பின் முதற்குறியைப் பற்றியும் அரைமணி நேரம் நல்ல தமிழில் பேசச் சொல்வோம். பாட்டிக்கும் விளங்கும்படி அவர் பேசுவாரானால், ஹுனைனின் பணியும் கிரீனின் பணியும் நம் ஊரில் தொடர்கின்றன என்று கொள்ளலாம்.